கருத்தம்மாள் உடுத்திய சீலை

– பெட்டியில இருக்கிறது அந்தச் சீலை இல்லை, ஒச்சு. நிறம் அதே நிறம், கரையும் அதே கரை. ஆனா அது இல்லை. கடைக் கஞ்சி வாசம்கூடப் போகாத புதுச் சீலை.

– உக்காருண்ணே. வேர்த்து ஊத்துது உனக்கு. மோர் கொண்டாரவா?

– மோர் குடிக்க வரலை. விடியக்காலம் சாம்பிராணி போடலாம்னு பெட்டியைத் திறந்தேன். யாருகிட்டயும் மூச்சு விடலை. மூடி வச்சிட்டு, வெத்தலை வாங்கிட்டு வர்றேன்னு பொய் சொல்லி டிவிஎஸ்ஸை எடுத்தேன். உன் வீட்டுல பார்த்தா பூட்டு தொங்குது. பஸ் ஸ்டாண்டு, ஏலக்கடைத் தெரு, மார்க்கெட்டு, அம்புட்டும் சுத்திட்டு வர்றேன். இந்தப் பழைய குடோனுக்குள்ளதான் கெடக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கக்கூடாதா?

– போன மாசிக் கும்பிடு முடிஞ்சதுல இருந்து இதுக்குள்ளதான் கெடக்கேன். போடிக்கு நீ வராத வாரம் கெடையாது. ஒரு நாளாச்சும் எட்டிப் பார்த்தியா?

– சண்டைக்கு நேரமில்லை. கேட்டுக்க. உச்சிப் பொழுதுக்குப் பெட்டி திறக்கணும். பங்காளிக எல்லாரும் சிலமலைக்கு வந்து எறங்கிட்டாக. கிடா கட்டியாச்சு. அய்யா குளிச்சு, ஈர வேட்டியோட பெட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்காக. கிடாவை வெட்டிட்டு வந்து அவுக கையாலதான் திறப்பாக. வருசத்துக்கு ஒருக்கா அந்தச் சீலையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறதுக்காகவே உசுரை வச்சிருக்கிற மனுசன். தொட்ட உடனே தெரிஞ்சு போகும். சீலையைக் குடு, நான் போகணும்.

– கருத்தம்மா சீலைன்னு சொல்லேன். அந்தச் சீலை, அந்தச் சீலைங்கிற.

– வீட்டுச்சாமி பேரைச் சும்மா சும்மா சொல்லக்கூடாது.

– எனக்கு அவ தங்கச்சி. உனக்கும் தங்கச்சிதான்.

– செத்துப்போன தங்கச்சி. செத்துப் பத்து வருசமா நம்ம குடும்பத்தைக் காக்குற சாமி. நீ மெட்ராசு, கும்பகோணம்னு சுத்துனவ, உனக்கு அது விளையாட்டாத் தெரியும். நீதானே எடுத்த?

– நான்தான்.

– சாவி ராமுத்தாய் இடுப்புல இருக்கும். அவ குடுத்தாளா?

– மதினியைத் திட்டாத. அலசி, புகை காட்டி வச்சிர்றேன்னு கேட்டு வாங்கினேன். வேற சீலையை மடிச்சு வச்சது அவுகளுக்குத் தெரியாது.

– எதுக்கு எடுத்த?

– என் வேலைக்கு.

– எது, இதுவா வேலை? காட்டை அடகு வச்சு உன்னைச் சிலை செதுக்கப் படிக்க வச்சேன், ஒச்சு. ஒரு பிள்ளையாரையாச்சும் செஞ்சு காட்டுவேன்னு பார்த்தா, என்ன இது, வரிசையா நிக்குது. தலை இல்லை. உள்ள ஆளு நிக்கிற மாதிரி தோளும் முதுகும் புடைச்சுக்கிட்டு இருக்கு. குனிஞ்சு பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்லை.

– ஆளு உள்ள போகணும்ல. அதுக்குத்தான் வெறுசா விட்டிருக்கேன். கல்லுல செஞ்சா நின்ன எடத்துல நிக்கும். இது உடுத்திக்கிட்டு நடக்கிற சிலை.

– சிலையை எவளாச்சும் உடுத்துவாளா?

– உடுத்துவா. கட்டிப் பழகுன துணியைப் புளியங்கொட்டைக் கஞ்சியில முக்கி, அவ மேலயே சுத்தி, கரியடுப்பு வச்சுக் காயவிட்டு எடுக்கிறேன். மூங்கில் பிளாச்சு உள்ள முட்டுக் குடுக்கும். சுமை தூக்கித் தூக்கி ஒரு தோளு எறங்கியிருந்தா, அதுவும் அப்படியே நின்னுரும். இந்தா, இந்தச் சாக்கு பெரியம்மாளுது. எஸ்டேட்டுல ஏலக்காய் எடுக்கையில அட்டை ஏறாம இடுப்புல கட்டுனது. அது ராக்குவோட கொங்காணி. மழைக்குத் தலையோட போத்திக்கிட்டே அந்தச் சாக்கு தலை மாதிரியே ஆகிப்போச்சு, பாரு. காது வர்ற எடத்துல தொங்குற தண்டட்டிக் கம்மல் மட்டும் நான் மண்ணுல செஞ்சு சுட்டது.

– கந்தலைக் கட்டிக்கிட்டு நடக்கிறதைப் பார்க்க மெட்ராஸ்காரன் வருவானாக்கும்.

– வருவான். பங்குனியில அங்க காட்டப்போறேன். பொம்பளைக அவுகளே வந்து, அவுக அவுகளதை உடுத்திக்கிட்டு நடப்பாக. கோயில் தூண்ல ராணியைச் செதுக்கி வச்சிருக்கான், தாசியைச் செதுக்கி வச்சிருக்கான். காய் எடுக்கப் போன நம்ம பொம்பளை எதைக் கட்டிக்கிட்டுப் போனான்னு எந்தத் தூண்லயும் இல்லை. அதை நான் செய்யிறேன். அதுக்கு என்ன இப்ப?

– செய். ஊரு சாக்கையெல்லாம் எடுத்துச் செய். சாமி சீலை மேல ஏன் கை வச்ச? இதுல எது அது? வெட்டிட்டியா? கஞ்சியில முக்கிட்டியா? நீ சொல்றியா, நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்க்கட்டுமா?

– கையை எடு, அண்ணே. அது ராக்குவோடது. பிளாச்சு ஒடிஞ்சா மறுபடி அவ உடம்பைக் கேக்கணும். நீ தேடுறது இதுல இல்லை.

– பின்ன எங்க?

– சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு.

– எனக்குச் சோலி கெடக்கு, ஒச்சு.

– அந்தச் சீலையை இந்தத் தரையில விரிச்சேன். பத்து வருசமா மடிச்சு மடிச்சு வச்சுக் கும்பிட்டோமே தவிர, ஒருத்தரும் அதை விரிச்சுப் பார்க்கலை. சாமி சீலையை எவன் விரிப்பான்? நான் விரிச்சேன். முந்தியில இருந்து உள்கட்டு வரைக்கும் விரலாலயே தடவிப் பார்த்தேன். துணியைப் பார்க்கிறதுதான் என் பொழப்பு. போடிமெட்டுப் பாறையில இருந்து விழுந்து செத்தவ கட்டியிருந்த சீலை. ஒரு கிழிசல் இல்லை. ஒரு சொட்டுக் கறை இல்லை.

– சாமி காப்பாத்துச்சு.

– சீலையைக் காப்பாத்துன சாமி பிள்ளையை விட்டுருச்சா?

– ஒச்சு, வாயை மூடு.

– நீதானே சொன்ன? பொணம் கெடைக்கலை, சீலை மட்டும் பள்ளத்துல முள்ளுமரத்துல மாட்டிக் கெடந்துச்சு, எறங்கி எடுத்தேன்னு. முள்ளு ஒரு இழையைக்கூட இழுக்காம மடிச்சுக் குடுத்துச்சா?

– இதை யாருகிட்டச் சொன்ன?

– பார்த்தியா. என்னடி ஒளர்றேன்னு நீ கேக்கலை. யாருகிட்டச் சொன்னேன்னு கேக்குற.

– அய்யாகிட்டச் சொன்னியா? சித்தப்பாகிட்டச் சொன்னியா?

– ரெண்டு பேருகிட்டயும் இல்லை. கேக்க வேண்டிய ஆளைத் தேடிப் போயிக் கேட்டேன்.

– எந்த ஆளு?

– கருத்தம்மா.

– கதவைச் சாத்து.

– சாத்தித்தான் இருக்கு.

– தாழ்ப்பாளைப் போடு. மெல்லப் பேசு.

– உனக்குத் திடுக்குன்னுகூட இல்லையே. செத்தவகிட்டப் பேசுனேங்கிறேன், கதவைச் சாத்துங்கிற. அப்ப உனக்குத் தெரியும்.

– எங்க பார்த்த?

– முதல்ல பார்த்தது ஆடி மழையில. துணி கேட்டு மேல போனேன். போடிமெட்டு தாண்டி, ஜீப்பு ஏறாத எடத்துல ஒரு ஏலத்தோட்டம். கொங்காணியைப் போட்டுக் குனிஞ்சு காய் எடுத்துக்கிட்டிருந்தவ, என் சத்தம் கேட்டு நிமிர்ந்தா. நான் ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டேன். அவ பயப்படலை. 'ஒச்சுக்கா, குளிருல ஏன் இப்படி வெறும் சீலையோட வந்த'ன்னு கேக்குறா. நேத்து வரைக்கும் பக்கத்துல படுத்திருந்தவ மாதிரி. பேச்சுல பாதி மலையாளம் கலந்து கெடக்கு. ஒரு பொம்பளைப் பிள்ளை அவ காலைக் கட்டிக்கிட்டு நிக்குது.

– நல்லா இருக்காளா?

– அதை நீ எங்கிட்டக் கேக்குறியா?

– கேக்குறேன், சொல்லு. நல்லா இருக்காளா?

– இருக்கா. அவ புருசன் சீனிச்சாமி அவளைக் கண்ணாத்தான் வச்சிருக்கான். 'என்னை அங்க கும்பிடுறாகளாமே, அக்கா'ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ உன் பேரைச் சொன்னதும் அழ ஆரம்பிச்சா. நிப்பாட்ட முடியலை. அன்னைக்கு என்னடி நடந்துச்சுன்னு கேட்டேன். எத்தனை தடவை போயிக் கேட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குறா. அப்படி என்னத்தச் சொல்லி மிரட்டி வச்சிருக்க?

– நான் மிரட்டலை.

– மிரட்டாமயா? உசுரோட இருக்கிற பிள்ளைக்கு எழவு கொட்டு அடிக்க வச்ச. தந்தி வந்து நான் கும்பகோணத்துல இருந்து ஓடி வந்து, இந்த ஊரு பஸ் ஸ்டாண்டு மண்ணுல விழுந்து பொரண்டேன். பார்த்துக்கிட்டு நின்ன. ஆத்தா அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு, வருசக்கணக்கா ஒழுங்காச் சோறு தண்ணி இல்லாம கெடந்தே போய்ச் சேர்ந்தா. அதையும் பார்த்துக்கிட்டு நின்ன. மூடை தூக்க வந்தவனோட போயிட்டா, வேத்தாளு, வெளியில சொன்னாக் கேவலம். அதுக்குச் செத்துட்டான்னு சொல்லிக் கதையை முடிச்ச. உனக்குப் பங்காளிகளுக்கு முன்னாடி மீசை நிமிர்ந்து நிக்கணும். அதுக்கு ஒரு பிள்ளையைப் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்ட.

– ஆத்தாகிட்டச் சொன்னேன்.

– என்ன சொன்ன?

– கடைசி நாளு. எல்லாரும் வெளியில போன நேரம் பார்த்து, காதுல சொன்னேன். உன் மக சாகலை, மேல இருக்கா, ஒரு பிள்ளை பெத்திருக்கான்னு. ஆத்தா கண்ணைத் திறந்து என் கையைப் பிடிச்சா. அதுக்கப்புறம்தான் ஒரு சங்கு பால் எறங்குச்சு. அந்தப் பிடியோடதான் போனா.

– அண்ணே.

– இப்பக் கேட்டுக்க. கேட்டுட்டுச் சீலையைக் குடுத்துரு. எமர்ஜென்சி வருசம் அது. விடியக்காலம் பார்த்தா படுக்கையில கருத்தம்மா இல்லை. சீனிச்சாமியும் தோட்டத்துக்கு வரலை. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கலை. அய்யாவும் சித்தப்பா காசிமாயனும் ஜீப்பை எடுத்தாக. சாக்குக்கு அடியில ரெண்டு அருவா. நான் கண்ணால பார்த்தேன்.

– அய்யாவா? அய்யா அருவாளோடயா போனாக?

– நீ ஊருல இல்லை. உனக்கு எப்படித் தெரியும்? என்னையும் ஏறச் சொன்னாக. ஆளு கூட்டிட்டு வர்றேன், நீங்க டீசல் போட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டு, மேல போற லாரியில தொத்திக்கிட்டேன். மெட்டுக்குக் கீழ கடைசி வளைவுல பிடிச்சேன். நடந்து நடந்து காலு வீங்கிப் பாறையில உக்காந்திருந்தா. அவன் எனக்கு முன்னாடி வந்து நின்னான். 'என்னைக் கொல்லுங்க, அதை விட்டுருங்க'ன்னான். எனக்கும் கோவம் இருந்துச்சு, ஒச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். குனிஞ்சு கல்லை எடுத்துட்டேன்.

– நீ?

– எடுத்தேன். அப்பப் பார்த்துக் கீழ வளைவுல நம்ம ஜீப்பு திணறுற சத்தம் கேட்டுச்சு. கல்லு எப்ப கையை விட்டு விழுந்துச்சுன்னு தெரியலை. சீலையை அவுத்துக் குடுன்னேன். அவன்கிட்டக் கிடந்த கம்பளியைச் சுத்திக்கிட்டா. காட்டுக்குள்ள ஏறிப் போங்க, ரோட்டுப் பக்கம் வராதீகன்னேன். அய்யா பின்னாடி வர்றதை மட்டும் சொல்லலை. சொல்லியிருந்தா, எங்க அப்பன் கையால சாகுறேன்னு அந்தப் பாறையிலயே உக்காந்திருப்பா. அவ குணம் உனக்குத் தெரியாதா? நான் வந்ததை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எம்மேல சத்தியம் வாங்கினேன். அதைத்தான் உங்கிட்டயும் காப்பாத்தியிருக்கா.

– அதுக்குத்தான் அழுதாளா?

– ஜீப்பு வந்து நின்னப்பச் சீலையைக் கையில வச்சுக்கிட்டு, பாறை ஓரத்துல நின்னு கத்துனேன். என் கண்ணு முன்னாடி குதிச்சிட்டாய்யா, எறங்கி இதைத்தான் எடுக்க முடிஞ்சதுன்னேன். கீழ ஒரே மஞ்சு மூட்டம். அய்யா எட்டிப் பார்த்தாக, ஒண்ணும் தெரியலை. அந்தச் சீலையைக் கிழிச்சிருக்கணும் நான். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். மனசு வரலை. அவ சடங்குக்கு ஆத்தா எடுத்த சீலை அது.

– பத்து வருசமா ஒருத்தரும் அதைப் பார்க்கலை.

– சித்தப்பாவுக்கு அன்னைக்கே சந்தேகம். பொணத்தைக் காட்டு, பார்க்காம விடமாட்டேன்னு நின்னாரு. மேல தோட்டம் தோட்டமா ஆளு அனுப்பித் தேடச் சொன்னாரு. எனக்கு வேற வழி தெரியலை. கருமாதி அன்னைக்குக் கொட்டு அடிக்கையில எந்திரிச்சு ஆடினேன். ஆமா, பொய்யாத்தான் ஆடினேன். 'நான் கருத்தம்மா வந்திருக்கேன். என் உடம்பைத் தேடாதீக. தேடுனா வம்சம் விளங்காது. என் சீலையை வச்சுக் கும்பிடுங்க'ன்னேன். அய்யா என் கால்ல விழுந்துட்டாக. பெத்த அப்பன் என் கால்ல. தேடப் போனவனெல்லாம் திரும்பி வந்துட்டான். உசுரோட இருக்கிறவளைத் தேடுவாக, ஒச்சு. சாமியைத் தேட மாட்டாக.

– எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமே, அண்ணே.

– சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? மறுநாளே மேல ஏறியிருப்ப. உனக்குப் பின்னாடி சித்தப்பா ஆளு ஏறியிருப்பான். இன்னைக்கு வரைக்கும் அந்த மனுசன் குடிச்சா என்ன சொல்றாரு தெரியுமா? பொணத்தைப் பார்க்கலையே, பொணத்தைப் பார்க்கலையேங்கிறாரு. கிழிசல் இல்லாத சீலைன்னு அவரு காதுல விழுந்தாப் போதும். அதான் ஓடி வந்தேன். சரி, விடு. சீலை எங்க?

– அது அவ மேல இருக்கு.

– எவ மேல?

– கருத்தம்மா மேல. போன மாசம் மேல தங்கி, அவ உடம்பு மேலயே சுத்தி உருவேத்துனேன். அவளைத் தவிர யாருக்கும் அது பொருந்தாது. முந்தியைத் தலைக்கு மேல தூக்கிக் கொங்காணியா நிப்பாட்டியிருக்கேன்.

– நல்லதாப் போச்சு. மேலயே இருக்கட்டும். பெட்டியில இருக்கிறதைக் கசக்கி, ரெண்டு தடவை புகை போட்டு வச்சிர்றேன். அய்யாவுக்கு இப்பக் கண்ணும் மங்கல்தான். சமாளிச்சிரலாம். நான் வர்றேன்.

– அண்ணே, நில்லு. அவ மேல இல்லை.

– என்ன சொல்ற?

– இன்னைக்குக் கும்பிட்டுக்கு வரச் சொல்லிட்டேன். அதை உடுத்திக்கிட்டு. தோட்டத்து ஆளுகளை ஏத்துற ராமர் ஜீப்புல ஏறியிருப்பா.

– ஒச்சு.

– பங்காளிக அத்தனை பேரும் கூடியிருக்கையில வந்து நின்னு, நான் சாகலைன்னு சொல்லட்டும்னு நினைச்சேன். பெட்டிக்குள்ள மடங்கிக் கெடந்தது எந்திரிச்சு நடந்து வரட்டும்னு நினைச்சேன். அவளுக்கு அய்யா முகத்தைப் பார்க்கணும்னு ஆசை. 'அய்யா மாறிட்டாகளா, அக்கா'ன்னு கேட்டா. உன் சீலையைக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுகிற மனுசன், உன்னைக் கண்டா என்ன செய்வாகன்னு சொல்லி நான்தான் தைரியம் குடுத்தேன்.

– கிடா வெட்டுற நேரம்டி அது. அய்யா கையில அருவா இருக்கும். பக்கத்துல சித்தப்பா நிப்பாரு.

– எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா எனக்குத் தெரியாது.

– எத்தனை மணிக்கு வரச் சொன்ன?

– உச்சிக்குள்ள. ஊருக்கு முன்னாடி வளைவுல எறங்கி, சோளக்காட்டு வழியா நடந்து வரச் சொன்னேன்.

– அப்ப நேரம் இருக்கு. மலையடியில முந்தல்ல மறிக்கலாம், இல்லைன்னா வளைவுல மறிக்கலாம். நீயும் வா. பின்னாடி உக்காரு. அவ என் பேச்சைக் கேக்கலைன்னாலும் உன் பேச்சைக் கேப்பா. சாவியை எங்க வச்சேன்? இங்கதானே வச்சேன்.

– உன் கையிலதான் இருக்கு. யாரோ கதவைத் தட்டுறாக.

– திறக்காத.

– மதினி சத்தம்ண்ணே.

– ராமுத்தாயா? கும்பிட்டை விட்டுட்டு இவ எதுக்கு வந்தா? திற, வெரசாத் திற.

– ஏங்க, இங்கதான் இருக்கீகளா? வெத்தலை வாங்கப் போன மனுசனை ஊரு பூராத் தேடுறேன். நான் என்னத்தக் கண்டேன், டிவிஎஸ்ஸு வாசல்ல நிக்கவும்தான் தட்டுனேன். நம்மூரு அழகுமலை வேனுலதான் வந்தேன், ரோட்டுல நிக்குது. ஒச்சம்மா, ஒரு வாய் தண்ணி குடு.

– மதினி, என்ன ஆச்சு? முதல்ல அதைச் சொல்லுங்க.

– என்னத்தச் சொல்ல. நம்ம சாமி வந்துருச்சு. நேருல வந்துருச்சு.

– எப்ப?

– ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். உச்சிக்கு வெயில் ஏறிரும், கிடாவை வெரசா முடிங்கன்னு சித்தப்பா அவசரப்படுத்துனாரு. தண்ணியைத் தெளிச்சாக, கிடா தலையைச் சிலுப்புச்சு. மாமா அருவாளைத் தூக்கிட்டாக. அப்பப் பாருங்க, சோளக்காட்டுக்குள்ள இருந்து சலசலன்னு வருது. அந்தச் சீலைங்க. நம்ம பெட்டிச் சீலை. காத்து அந்த அடி அடிக்குது, ஒரு மடிப்பு அசையலை. முந்தி தலைக்கு மேல எழும்பி நிக்குது. காதுல தண்டட்டி ஆடுது. முகம் அப்படியே கருத்தம்மா முகம். சாமின்னா அந்த முகத்தோடதானே வரும்? நான் என்னத்தக் கண்டேன், நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டேன். கொட்டுக்காரன் கொட்டைப் போட்டுட்டு விழுந்தான்.

– அவ பேசுனாளா?

– பேசுச்சே. 'அய்யா, நான் சாகலை. உங்க மக வந்திருக்கேன்'னு சொல்லுச்சு. சாமிக்குச் சாவு ஏதுன்னு பொம்பளைக எல்லாம் கொலவை போட ஆரம்பிச்சிட்டாளுக. மறுபடி மறுபடி அதையே சொல்லுது, கொலவை ஏறிக்கிட்டே போகுது. யாரு காதுல என்ன விழும் அந்தச் சத்தத்துல?

– அய்யா என்ன பண்ணாக? கையில அருவா இருந்துச்சே.

– இருந்துச்சு. தூக்குன கை தூக்குனபடியே கிட்டப் போனாக. முகத்தைப் பார்த்தாக. அப்புறம் கீழ குனிஞ்சு பாதத்தைப் பார்த்துக்கிட்டே நின்னாக. ரொம்ப நேரம். அட்டை கடிச்ச தழும்பா இருந்துச்சுங்க அந்தக் காலு. சித்தப்பா தலையைத் தூக்கி, 'அண்ணே, இது யாருன்னு நல்லாப் பாருண்ணே'ன்னு எந்திரிச்சாரு.

– எந்திரிச்சாரா? சொல்லு, ராமுத்தாய்.

– மாமா திரும்புனாக பாருங்க. அந்தக் கண்ணை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. அருவாளைச் சித்தப்பாவுக்கு நேரா நீட்டி, 'விழுடா கீழ. சாமி உக்கிரமா வந்திருக்கு. எவன் தலையைத் தூக்குறானோ அவன் தலையை நானே எடுத்துருவேன்'னாக. சித்தப்பா மண்ணுல முகத்தை வச்சவருதான். ஒருத்தரும் அசையலை. மாமா அந்த அருவாளோட சாமிக்குப் பின்னாடியே காவலாட்டம் நடந்து, சோளக்காட்டுக்குள்ள போயிட்டாக. தூரத்துல ஜீப்பு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் தனியாத் திரும்பி வந்தாக. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. கிடாவை அவுத்து விட்டாச்சு. பெட்டியைத் திறக்க வேண்டாம்னுட்டாக.

– அவளை ஒண்ணும் செய்யலையே? மதினி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவளை ஒண்ணும் செய்யலைதானே?

– சாமியை யாரு என்ன செய்ய முடியும், ஒச்சம்மா? நீ எதுக்கு அழுகிற? இருங்க, நான் வந்த சோலியை விட்டுட்டேன். இந்தாங்க, இந்தத் தூக்குவாளியைப் பிடிங்க. மாமா குடுத்துவிட்டாக.

– எனக்கா?

– உங்களுக்கு இல்லை. 'உம் புருசன் போடியிலதான் இருப்பான், அவன்கிட்டக் குடு. மேல யாருக்குக் கொண்டுபோகணும்னு அவனுக்குத் தெரியும்'னாக. சாமிக்குச் சோத்தைத் தூக்குவாளியில குடுத்துவிடுறது எந்த ஊரு வழக்கம்னு எனக்குப் புரியலை. நான் என்னத்தக் கண்டேன்.

– அய்யா வேற எதுவும் சொன்னாகளா?

– என்னத்தச் சொல்ல. கிடாதான் வெட்டலையே, பந்திக்குன்னு வச்ச கத்திரிக்காய்க் குழம்பைச் சோத்துல ஊத்தப் போனேன். மாமா ஓடி வந்து கரண்டியைப் பிடிச்சுக்கிட்டாக. 'ஆத்தா, கத்திரிக்காயை ஒண்ணு விடாமப் பொறுக்கி எடுத்துட்டு ஊத்து. சின்னப் பிள்ளையில இருந்தே அதைத் தின்னா அவளுக்கு மேலெல்லாம் தடிக்கும்'னாக.